ஆறு கதவுகள், ஒரே அளவு

சமையலறை அலமாரிக்குக் கதவு பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கைப்பிடியைத்தான் பிடித்துப் பார்ப்பார்கள். நீங்களும் உள்ளே வந்ததும் அதைத்தான் செய்தீர்கள். போலீஸ் அதிகாரி என்றாலும் உங்கள் வீட்டிலும் ஒரு சமையலறை இருக்கும் அல்லவா. கைப்பிடியை நினைத்தால் நாளைக்கே மாற்றிவிடலாம். கதவுதான் இருபது வருஷம் கூட வரும். அந்த இருபது வருஷமும் அதோடு வாழப்போவது கண் இல்லை. மூன்றாம் மாதமே கண்ணுக்கு அது பழகி மறந்துபோகும். கைதான் மறக்காது. இதைப் பதினேழு வருஷமாக இந்தக் கடையில் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாதிப் பேர் நன்றாகத் தலையாட்டிவிட்டு, பக்கத்து வீட்டில் பார்த்த அதே கதவைக் கேட்பார்கள்.

உட்காருங்கள். மணி மூன்றேகால் ஆகிறது. நாலு மணிக்குள் சொல்லி முடித்துவிடலாம். நாலு மணிக்கு எனக்குக் கொஞ்சம் கவனம் சிதறும், அதனால்தான் முன்னாலேயே சொல்கிறேன். எங்கள் தச்சர் உங்களைத் தேடி வந்து பேசினார் என்பது எனக்குத் தெரியும். நேற்று முழுக்க என் முகத்தைப் பார்க்காமலே மரம் இழைத்துக்கொண்டிருந்தார். ஒளிக்கத் தெரியாத மனிதர். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

போன வருஷம் அக்கா இறந்தபோது வீட்டுக்கு வந்து விசாரித்ததும் நீங்கள்தான். மூன்று பக்கம் எழுதினீர்கள். பார்வையில்லாத பெண், முந்திரி ஒத்துக்கொள்ளாத உடம்பு, மறதியால் வேறு டப்பாவை எடுத்துவிட்டார், தங்கை ஊசி போட்டும் பிழைக்கவில்லை. நான் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். அந்த மூன்று பக்கத்திலும் ஒரே ஒரு சொல்தான் சரியில்லை. அதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள், டாக்டரின் சீட்டில் இருந்ததைத்தானே எழுதினீர்கள்.

எனக்கும் அக்காவுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். அம்மா போனபோது எனக்கு ஆறு வயது. அதற்குப் பிறகு தலைவாரிவிட்டது, காய்ச்சலுக்குக் கண்விழித்தது, பள்ளிக்கூடத்தில் சேர்த்தது எல்லாம் அவள்தான். அவள் கிணற்றடிக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் நான் பின்னாலேயே போவேனாம். அதனால் எனக்கு 'வாலு' என்று பெயர் வைத்தாள். பெரியவளாகி, தலையில் நரை விழுந்த பிறகும் அதே பெயர்தான். இந்தக் கடையில் எல்லோருக்கும் நான் மேடம். உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் நான் வாலு.

எனக்காக அவள் கல்யாணம் வேண்டாம் என்றாள். பிறகு அவளுக்காக நான் வேண்டாம் என்றேன். அவள் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். "ரெண்டு பக்கமும் சமமா அடிச்சாச்சுடி, மிச்சம் ஒண்ணும் இல்ல" என்று சொல்லிச் சிரிப்பாள்.

நாற்பத்து மூன்று வயதில் அவளுக்குப் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்க ஆரம்பித்தது. கரும்பலகையின் இரண்டு முனையும் ஒரே நேரத்தில் தெரியவில்லை என்றாள். பிறகு பலகையே தெரியவில்லை. நாற்பத்தொன்பதில் முழுசாகப் போய்விட்டது. வேலையை விட்டு வீட்டோடு இருந்தாள். அந்த நாட்களில் வீட்டில் என் பெயர்தான் கேட்டுக்கொண்டே இருக்கும். வாலு, சீப்பை எங்க வச்சேன். வாலு, இது உள்பக்கமா வெளிப்பக்கமா பாரு. வாலு, வாசல்ல யாரு. தெரிந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்கள். நானும் பெருமூச்சு விட்டுக்காட்டுவேன். உண்மையில் நான் அவ்வளவு சந்தோஷமாக வாழ்நாளில் இருந்ததில்லை. வெளியே சொல்லிக்கொள்ள முடியாத சந்தோஷம், அவ்வளவுதான்.

கதவு யோசனை என்னுடையது. சமையலறையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. மேடைக்குக் கீழே வரிசையாக ஆறு அலமாரிகள். எல்லோரும் ஆறுக்கும் ஒரே கதவு போடுவார்கள். நான் ஆறுக்கும் ஆறு விதமாகப் போட்டேன். பார்க்கிறவர்களுக்குப் பழைய மரக்கடை மாதிரி இருந்திருக்கும். ஆனால் அது பார்க்கிறவர்களுக்காகச் செய்தது இல்லை.

இரண்டு வாரம், தினம் ஒரு மாதிரிக் கதவை வீட்டுக்குக் கொண்டுபோய் அவள் மடியில் வைத்தேன். விரலால் தடவித்தான் தேர்ந்தெடுத்தாள். நாங்கள் கடையில் காட்டும்போது பெரிய பெரிய பெயர் சொல்வோம், அவள் அதையெல்லாம் ஒதுக்கிவிட்டுத் தானே பெயர் வைத்தாள். நெடுக்காக வரிவரியாகக் குடைந்த கதவைத் தொட்டதும், "இது தலைவாரின கதவு. இதை டீ போடற சாமானுக்கு வச்சுக்கறேன்" என்றாள். பூ வேலை செய்ததைத் தொட்டுவிட்டு, "ஐயோ, இது கல்யாண வீட்டு வாசல். வேண்டாம்" என்றாள். இப்படித்தான் வரிசை முடிவானது. சுவரிலிருந்து முதலாவது மொழுமொழு கதவு, அதில் தட்டும் குவளையும். இரண்டாவது வரிக் கதவு, பால்பவுடர். மூன்றாவது நான்கு பக்கமும் சட்டம் போட்டு நடுவில் பள்ளமான கதவு, உப்பும் மசாலாவும். நான்காவது சாய்ந்த பட்டைகள் அடுக்கிய கதவு, காற்றோட்டம் வேண்டிய வெங்காயம், உருளைக்கிழங்கு. ஐந்தாவது மேலே வளைவு வைத்தது, அரிசி, மாவு. ஆறாவது பிரம்புப் பின்னல்.

பிரம்புக் கதவு எனக்கு. காலையில் பாலில் முந்திரிப் பொடி கலந்து குடிப்பது என் பழக்கம். அக்காவுக்கு முந்திரி ஆகவே ஆகாது. ஒரு சிட்டிகை போதும், தொண்டை வீங்கிவிடும். அதனால் வீட்டில் வாங்குவதையே விட்டிருந்தேன். அவள்தான் கேட்கவில்லை. "எனக்காக எல்லாத்தையும் விட்டுட்ட. இதையாவது குடி. தனியா ஒரு கதவு போட்டுக்கோ, நான் அந்தப் பக்கமே கை வைக்கமாட்டேன்" என்றாள். சொன்னபடியே இருந்தாள். பிரம்பு விரலில் பட்டால் சுட்டதுபோலக் கையை எடுத்துவிடுவாள்.

அளவு எழுதிக்கொடுக்கும்போது தச்சர் கேட்டார். "ஆறு கதவு ஆறு தினுசு. அளவு மட்டும் ஒண்ணுதானா மேடம்?"

"ஒண்ணாவே இருக்கட்டும். வரிசை அழகா இருக்கும்" என்றேன்.

கீலும் ஆறுக்கும் ஒரே மாதிரி, ஒரே பக்கம். இப்போது வருகிற கீலில் திருகாணியைத் தொடவே வேண்டியதில்லை. பின்னால் ஒரு சின்ன நாக்கு இருக்கும், அதை அழுத்தினால் கதவு அப்படியே கையோடு வந்துவிடும். திரும்ப வைத்து ஒரு தட்டுத் தட்டினால் பிடித்துக்கொள்ளும். இரண்டு கதவுகளை இடம் மாற்ற, ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகாது. வாடிக்கையாளர்களிடம் இதை நான் ஒரு வசதியாகத்தான் சொல்வேன்.

கதவுகள் போட்டு ஒரு மாதத்தில் அக்கா தனியாகச் சமைக்க ஆரம்பித்துவிட்டாள். இடது கை விரல்களைக் கதவுகளின் மேல் ஓடவிட்டுக்கொண்டே நடப்பாள். பக்கத்து அறையில் உட்கார்ந்தால் எனக்குச் சத்தத்திலேயே தெரியும். மொழுமொழு கதவில் சத்தமே வராது. வரிக் கதவில் சரசரவென்று போகும். சாய்பட்டையில் டக்டக்கென்று விழும். எண்ணியும் பார்த்துக்கொள்வாள், கணக்கு டீச்சர் இல்லையா. எண்ணிக்கையும் விரலும் ஒன்று சொன்னால்தான் கதவைத் திறப்பாள். மூன்றாம் மாதம் எனக்கே சமைத்துப் போட்டாள். ஒருநாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை அவள் என்னை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை என்பதை நான் கவனித்தேன். விடுமுறை நாள், நான் வீட்டில்தான் இருந்தேன். ஒரு தடவைகூட இல்லை.

கடை முதலாளி அந்தச் சமையலறையைப் பார்க்க வந்தார். அசந்துபோய்ப் படம் எடுத்துக்கொண்டு போனார். போகிற போக்கில், பெரிய ஊரில் திறக்கப்போகிற புதுக் கடைக்கு என்னைத்தான் பொறுப்பாகப் போடுவதாக இருந்தது என்றும், அக்காவைக் காரணம் காட்டி நான் மறுத்துவிட்டேன் என்றும் அவளிடம் சொல்லிவிட்டார். அவர் போனதும் அக்கா என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"போடி. எனக்கு ஒண்ணும் ஆகாது. இப்பதான் எல்லாம் நானே பாத்துக்கறேனே. இத்தனை வருஷம் என் பின்னாலேயே சுத்தினது போதும்."

அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். எனக்குத் தெரியும். ஆனாலும் நான் செய்து கொடுத்த கதவே என்னை வெளியே தள்ளிச் சாத்துகிறது என்று தோன்றியது. நாற்பது வருஷம் ஒருத்தியின் பின்னால் போனவளுக்கு முன்னால் நடக்கத் தெரியாது. அதை அவளிடம் சொல்லியிருக்கலாம்.

முதல் தடவை மாற்றியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். இரண்டாவதையும் மூன்றாவதையும் மாற்றி வைத்தேன். கதவை மட்டும்தான். டப்பா எதையும் நான் தொடவில்லை, இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அன்றைக்குச் சாயங்காலம் என்னோடு பேசிக்கொண்டே எண்ணாமல் திறந்தாள், டீயில் இரண்டு கரண்டி உப்பு விழுந்தது. ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினாள். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம். மிகவும் நன்றாக இருந்தது.

அன்றிரவே பழையபடி வைத்துவிட்டேன். அடுத்த வாரம் மறுபடி மாற்றினேன். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

"வாலு, வரிக் கதவு ரெண்டாவதுதானே? இப்ப மூணாவதா இருக்கே."

"எப்பவுமே மூணாவதுதான்க்கா."

"இல்லடி. ரெண்டு."

"நீயே எண்ணிப் பாரு."

எண்ணிப் பார்த்தாள். மூன்று வந்தது. அன்று அவள் குளிக்கப் போனபோது பழையபடி வைத்துவிட்டேன். மறுநாள் எண்ணினால் இரண்டு வந்தது. அவள் சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டு மறுபடி எண்ணினாள். மறுபடியும். முப்பது வருஷம் அடுத்தவர் கணக்கைத் திருத்தியவள் ஆறு கதவை எண்ணிக்கொண்டு நின்றாள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டேன். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

இப்படி நாலைந்து மாதம். வாரத்துக்கு ஒருமுறை, சிலசமயம் இரண்டு. ஒரேயடியாகச் செய்யவில்லை. நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் ஏதேதோ கேட்டார். அவள் எல்லாவற்றுக்கும் பளிச்சென்று பதில் சொன்னாள். டாக்டர் என்னைப் பார்த்தார். வீட்டில் அடிக்கடி குழம்பிப்போகிறாள் என்று நான் தாழ்ந்த குரலில் சொன்னேன். ஆரம்ப நிலை மறதியாக இருக்கலாம் என்று எழுதிக்கொடுத்தார். நீங்கள் எழுதிய அந்த ஒரு சொல் இங்கேதான் பிறந்தது.

அதற்குப் பிறகு அக்கா அடுப்புப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டாள். வீட்டில் மறுபடி என் பெயர் கேட்க ஆரம்பித்தது. ஒருநாள் எண்ணினேன், பதினோரு தடவை. சீப்புக்கு, செருப்புக்கு, மணி என்ன என்று கேட்க. நான் ஓடி ஓடிச் செய்தேன். நாலு மணி டீயை மட்டும் அவள் விடமாட்டேன் என்றாள். "அதையாவது எனக்கு விடுடி" என்றாள். சரி என்றேன். அவளிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்ள நான் என்ன ராட்சசியா.

டீ போடும்போது அவள் எண்ணுவதை விட்டுவிட்டாள். கேட்டதற்கு ஒரு பதில் சொன்னாள். அதை அவள் குரலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"என் எண்ணிக்கை என்னை ஏமாத்துது வாலு. உன் கதவு ஏமாத்தாது. வரி எங்க விரல்ல படுதோ அங்க திறக்கறேன், அவ்வளவுதான்."

நான் அதோடு நிறுத்தியிருப்பேன். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஒரு வியாழக்கிழமை நான் கடையிலிருந்து வந்தபோது அக்கா கட்டிலில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு புடவை மடித்துக்கொண்டிருந்தாள். பார்வையில்லாதவர்களுக்கான விடுதி ஒன்றில் பேசி இடம் வாங்கிவிட்டாளாம். பழைய மாணவி ஒருத்தி அங்கே வேலை பார்க்கிறாளாம். திங்கட்கிழமை வந்து கூட்டிப்போவார்களாம்.

"கண்ணு மட்டும் போயிருந்தா உன்கூடவே இருந்திருப்பேன்டி. இப்ப புத்தியும் போகுது. இன்னும் என்னென்ன ஆகுமோ. உன்னை இதுல கட்டிப்போட எனக்கு மனசு வரல. முதலாளிகிட்டயும் பேசிட்டேன். நீ புதுக் கடைக்குப் போ."

பார்த்தீர்களா. அவளை என்னோடு வைத்துக்கொள்ளச் செய்த வேலையே அவளை வெளியே அனுப்புகிறது. இப்போது யோசித்தால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அன்றைக்கு அது தெரியவில்லை. மறதி ஒன்றும் இல்லை அக்கா, நான்தான் செய்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பெட்டியை மூடியிருப்பாள். என்னை மன்னித்தும் இருப்பாள். ஆனால் அதற்குப் பிறகு என்னை அந்தப் பெயரால் கூப்பிடுவாளா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

ஒரு பழைய விஷயம் சொல்ல வேண்டும். எட்டு வருஷத்துக்கு முன், அவளுடைய பள்ளியில் ஒரு பிரிவுபசார விழா. ஏதோ இனிப்பில் முந்திரி இருந்திருக்கிறது. நான் கூடப் போயிருந்தேன். பேனா மாதிரி ஒரு ஊசி இருக்கும், எப்போதும் என் கைப்பையில்தான் வைத்திருப்பேன். தொடையில் குத்தினேன். ஐந்து நிமிஷத்தில் மூச்சு திரும்பியது. ஆஸ்பத்திரி வண்டியில் போகும்போது அவள் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு, வாலு, வாலு என்று மட்டுமே சொல்லிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு வாரம் என்னைக் கண்ணைவிட்டு அகலவிடவில்லை. அப்போது அவளுக்குக் கொஞ்சம் பார்வை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் கொடியிலிருந்து துணி எடுக்கப் போனாள். நான் இரண்டாவதையும் ஆறாவதையும் மாற்றினேன்.

என் எண்ணம் உங்களுக்குப் புரிந்திருக்கும். கொஞ்சம் உடம்புக்கு வந்தால் போதும். ஊசி என் கையில் இருக்கிறது. அப்படிப்பட்டவரை விடுதியில் சேர்க்கமாட்டார்கள், அவளும் பயந்துபோய் என்னோடு இருந்துவிடுவாள். இரண்டு டப்பாவும் ஒரே தினுசில் வாங்கியவை, ஒரே கனம். பால்பவுடர் அதன் இடத்தில்தான் இருந்தது, முந்திரிப் பொடி அதன் இடத்தில்தான் இருந்தது. அன்றைக்கும் நான் எந்த டப்பாவையும் தொடவில்லை.

நாலு மணிக்கு அவள் சமையலறைக்குப் போனாள். நான் பக்கத்து அறையில், மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தேன். விரல் போகிற சத்தம் கேட்டது. மொழுமொழு கதவு, அதில் சத்தமில்லை. அடுத்தது சரசரவென்று கேட்க வேண்டிய இடத்தில் பிரம்பு. நின்றுவிட்டாள். வெகுநேரம் நின்றாள். ஒருவேளை ஐந்தாறு வினாடிகள்தான் இருக்கும், எனக்கு வெகுநேரமாகத் தெரிந்தது. தனக்குள்ளேயே ஏதோ சொல்லிக்கொண்டாள். "ரெண்டு..." என்று மட்டும் காதில் விழுந்தது. அவள் கணக்கு அவளுக்குச் சரியாகத்தான் சொன்னது. அவள் அதை நம்பவில்லை. பிறகு விரல் நகர்ந்தது. சட்டம், சாய்பட்டை, வளைவு. கடைசியில் வரி. கதவு திறந்தது.

மூடி திருகும் சத்தம். கரண்டி. பிறகு ஒரு வாய் உறிஞ்சினாள். இன்னொரு வாய்.

மிச்சம் உங்கள் மூன்று பக்கத்தில் இருக்கிறது. நீங்கள் வந்தபோது கதவுகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. இரண்டாவதில் வரி, ஆறாவதில் பிரம்பு. முந்திரி டப்பா மேடைமேல் திறந்து கிடந்தது. ஊசி போட்டிருந்தேன். நீங்கள் போகும்போது என்னிடம், "உங்களால முடிஞ்சதை செஞ்சிருக்கீங்க, மனசைத் தேத்திக்கோங்க" என்றீர்கள். நல்ல வார்த்தை. பலநாள் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபதாம் நாளோ என்னவோ, வீட்டில் நாலு மணிக்கு விரல் போகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன், யாருமில்லை. யாரும் இருக்கமாட்டார்கள் என்றும் தெரியும், எனக்குப் புத்தி ஒன்றும் கெட்டுவிடவில்லை. மறுநாளும் கேட்டது. கதவு ஆறையும் கழற்றித் துணி சுற்றிப் பரண்மேல் போட்டேன். வெறும் அலமாரியில் சத்தம் வந்தது. வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே கடையின் பின்னறைக்கே குடிவந்துவிட்டேன். இதோ இந்தச் சுவரில் நாற்பது மாதிரிக் கதவுகள் தொங்குகின்றன, வேறு வேறு வரிசையில். அதனால் என்ன. நாலு மணிக்கு அவள் அந்த ஆறை மட்டும் அதே வரிசையில்தான் தொடுகிறாள். இரண்டாவதில் நிற்கிறாள். ஒவ்வொரு நாளும் இரண்டாவதில் நிற்கிறாள். இன்றைக்காவது திரும்பிப் போய்விடுவாளோ என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பிறகு அவள் நகர்ந்து போவாள்.

பயமாக இல்லை. வந்தவள் ஒரு தடவை கூப்பிடலாமே என்பதுதான் என் வருத்தம். பத்து மாதமாக வருகிறாள், ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

போன மாதம் ஒரு பெரியவர் வந்தார். முதலாளி எடுத்துப்போன அந்தப் படத்தைக் கையில் வைத்திருந்தார். அவர் மனைவிக்குப் பார்வை மங்கிக்கொண்டு வருகிறதாம். இதே மாதிரி ஆறு கதவு வேண்டும் என்றார். மனைவியும் வந்திருந்தார். நான் காட்டிய கதவுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துச் சிரித்தார். வரிக் கதவு வந்தபோது அதை மட்டும் இரண்டு தடவை தடவினார். நான் அளவு எழுதினேன். ஒவ்வொரு கதவுக்கும் ஒரு விரல்கடை கூடக் குறைய, ஆறும் ஆறு அளவு. கீலும் ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம்.

தச்சர் சீட்டைப் பார்த்துவிட்டு வந்தார். "அக்கா வீட்டுக்கு ஒரே அளவு கேட்டீங்க. இப்ப ஒண்ணோட ஒண்ணு சேராத மாதிரி எழுதியிருக்கீங்களே. ஏன் மேடம்?"

நான் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். அழகு என்று சொல்லியிருக்கலாம், மனிதர் நம்பியிருப்பார். "யாரும் மாத்தி வைக்க முடியாம இருக்கட்டும்னுதான்" என்று என் வாய் சொல்லிவிட்டது. அவர் சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு போனார். பிறகு உங்களிடம் வந்திருக்கிறார். அந்தக் கதவுகளை மட்டும் எப்படியாவது முடித்துக்கொடுக்கச் சொல்லுங்கள், அந்த அம்மா காத்திருப்பார்.

மணி நாலு அடிக்கப்போகிறது. நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது, நீங்கள் கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். ஊசி கையிலேயே இருந்தும் ஏன் தாமதமானது என்பது. அன்றைக்கு நீங்கள், தங்கை சத்தம் கேட்டு ஓடிவந்தார் என்று எழுதினீர்கள். நான் திருத்தவில்லை.

அவள் கூப்பிட்டாள். குவளை கீழே விழுந்ததும் முதல் தடவை, நல்ல சத்தமாக. வாலு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எவ்வளவு நாளாயிற்று அப்படிக் கூப்பிட்டு. சீப்புக்கும் செருப்புக்கும் கூப்பிட்ட குரல் இல்லை அது, வண்டியில் கேட்ட குரல். நான் எழுந்து நின்றேன். ஊசியின் மூடியைக் கழற்றிவிட்டேன். கதவுவரை போனேன். இரண்டாவது தடவை கூப்பிட்டபோது குரல் கம்மியிருந்தது. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் தரையில் உட்கார்ந்து, என் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள். நான் அங்கேதான் நிற்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதா என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது தடவை அது பெயராகவே வரவில்லை, காற்றுதான் வந்தது. ஆனாலும் என்னைத்தான் கூப்பிட்டாள், எனக்குத் தெரியும்.

பிறகு சத்தம் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்தேன். உள்ளே போய் முதலில் இரண்டு கதவுகளையும் அதனதன் இடத்தில் மாட்டினேன், கீல் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியைப் போட்டேன். அவள் சுண்டுவிரலை நான்தான் பிடித்துக்கொண்டேன்.

இதோ, நாலாகிவிட்டது. கொஞ்சம் பேசாமல் இருங்கள். இரண்டாவதில் நிற்கிறாள் பாருங்கள்.

நான் கல்நெஞ்சுக்காரி இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் நாலாவது தடவை ஒரே ஒரு முறை கூப்பிட்டிருந்தால், நான் போயிருப்பேன்.